650 சதுர அடி வீட்டுக்கு மாறலாமா?

தோட்டக்காரி:
இப்போது இருப்பது 1,600 சதுர அடி வீடு. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். இரண்டு அறைகளைத் திறப்பதே தூசி தட்டத்தான். 650 சதுர அடியில் ஒரு வீடு பார்த்தேன், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கணவர்தான் மூச்சு முட்டும் என்று தயங்குகிறார். சின்ன வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

வரைபலகை:
தாராளமாகப் போங்கள் அக்கா. வீட்டுக்கு வரைபடம் போடுவது என் தொழில், குடியிருப்பதும் சின்ன வீட்டில்தான்.

பெரிய வீட்டில் எவ்வளவோ இடம் சும்மா நடந்து கடப்பதற்கே போய்விடும். 3 அடி அகலம், 15 அடி நீளத்தில் ஒரு நடை இருந்தால் அதுவே 45 சதுர அடி. இரண்டரை அடிக் கதவு ஒன்று திறந்து மூட, தரையில் ஏறக்குறைய 5 சதுர அடி காலியாகக் கிடக்க வேண்டும். அங்கே ஒரு கூடைகூட வைக்க முடியாது. பக்கவாட்டில் நகரும் தள்ளுகதவு போட்டால் அந்த இடம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.

மூச்சு முட்டுவதற்கும் சதுர அடிக்கும் பெரிய சம்பந்தமில்லை. எதிரெதிர் ஜன்னல் இல்லாவிட்டால் பெரிய கூடமும் புழுங்கத்தான் செய்யும். லு கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர், பிரான்சின் தென்கடலோரத்தில் 1952இல் தனக்கென்று ஒரு குடில் கட்டிக்கொண்டார். பக்கத்துக்கு 3.66 மீட்டர், அதாவது 12 அடிக்கு 12 அடி. படுக்கை, மேசை, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே. (சமையலறை கிடையாது, ஒட்டியிருந்த உணவகத்தில் சாப்பாடு. அது நமக்குச் சரிவராது.) கோடையில் விரும்பிப் போய்த் தங்கிய இடம் அது.

எனக்குப் பிடித்தது இதுதான்: யாரையும் கத்திக் கூப்பிட வேண்டியதில்லை. நான் மேசையில் கோடு போட்டுக்கொண்டிருப்பேன், உள்ளே மனைவி பக்கம் புரட்டுவது காதில் விழும். முன்பிருந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் போனில் பேசிக்கொள்வோம். அந்த வீட்டை இன்றுவரை நாங்கள் தேடியதில்லை.

பரண்மேல்:
தம்பி சொல்வது சரி. ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையாவது இருக்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அப்போதுதான் அதன் அருமை தெரியும். அப்புறம், சாமான்களைக் கழித்துவிட்டுக் குடிபோங்கள். போனபிறகு கழிக்கலாம் என்று வைத்தால் பெட்டிகள் பிரிக்காமலே கிடக்கும்.

தோட்டக்காரி:
படுக்கையறைக்குக் கதவு இருக்கிறது. எதிரெதிர் ஜன்னலைத்தான் கவனிக்கவில்லை. கட்டிலையும் பீரோவையும் அளந்துகொண்டு, இந்த முறை அவரையும் கூட்டிப் போகிறேன். எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

வரைபலகை:
மதியம் மூன்று மணி வாக்கில். மேற்குச் சுவர் வெயிலில் சூடேறியிருக்கும், தொட்டுப் பாருங்கள். ஜன்னல்களைத் திறந்து, நடுவில் ஒரு மெல்லிய துணியைப் பிடியுங்கள். துணி அசைந்தால் அவரிடமே காட்டுங்கள் அக்கா.