புதுப்பிப்பு: மழலையர் பஸ் நிறுத்தம் மாறிய விவகாரம்

சென்ற வாரம் புலம்பியிருந்தேனே, வீட்டு வாசலில் நின்ற பள்ளி பஸ் இனி சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள பொது நிறுத்தத்தில்தான் நிற்கும் என்று, அதன் தொடர்ச்சி இது.

வாசல் நிறுத்தம் திரும்ப வராது, அதில் தோற்றுவிட்டோம். ஆனால் பொது நிறுத்தம் எங்கள் பக்கத்துக்கே வருகிறது. பிள்ளைகள் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

நான் பிடிவாதம் பிடித்ததும் அதற்காகத்தான். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பதைவிட ஏறி இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. பஸ்ஸை ஒட்டி முன்னால் நிற்கும் மூன்றடி உயரப் பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தால் சுத்தமாகத் தெரியாது. இனி உதவியாளர் இறங்கி, பிள்ளையைப் பெரியவர் கையில் ஒப்படைத்த பிறகே வண்டி நகரும். கடைசி நிறுத்தம் முடிந்ததும் பின் இருக்கைவரை நடந்து பார்ப்பார்களாம், தூங்கிப்போகும் குட்டிகளுக்காக. இதைக் கேட்டது இன்னொரு தாய், எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் 15 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். அதற்கும் சண்டை போடத் தெம்பில்லை. மகளோ, தோழியோடு சேர்ந்து நிற்கலாம் என்று இப்போதே குதிக்கிறாள்.