டைபோரேன்: சிலிண்டர் வேண்டாம், கரைசல் போதும் என்பது சரியா?

குடுவை:
எங்கள் ஆய்வகத்துக்கு டைபோரேன் (போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு) சிலிண்டர் வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. கூடவே கூடாது என்பது என் கட்சி. இந்த வாயு காற்றில் 0.8 சதவீதத்திலிருந்து 88 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். தானாகப் பற்றும் வெப்பநிலை 38 முதல் 52 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் நம் ஊர்த் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு சாதாரணம். காற்று ஈரமாக இருந்தால் அதற்குக் கீழேயும் பற்றிக்கொள்ளும். டி.எச்.எஃப். என்ற திரவக் கரைப்பானில் கரைத்த போரேன் டி.எச்.எஃப். கரைசல் பாட்டிலில் கிடைக்கும்போது சிலிண்டர் எதற்கு?

வால்வு:
உங்கள் வேலைக்குப் பாட்டில் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடவே கூடாது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள் தம்பி. மின்னணுச் சில்லுக்கான சிலிக்கான் தகட்டில் போரானை ஏற்றும் இடத்தில் எங்களுக்கு வாயுதான் வேண்டும். ஹைட்ரஜனில் நீர்க்கச் செய்து, வெளியேற்றக் குழாய் வைத்த அலமாரிக்குள் பூட்டி, உணர்கருவி பொருத்தித்தான் கையாள்கிறோம்.

மூன்றாம்மாடி:
இவ்வளவு பயம் தேவையா? கசிந்தால் குமட்டும் இனிப்பு வாடை வரும், மூக்கே சொல்லிவிடும். நான் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறேன்.

வால்வு:
ஐயா, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். வேலையிடத்தில் 8 மணி நேரச் சராசரிக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு. மூக்குக்கு எட்டுவதோ 2 முதல் 4 பங்கு வந்த பிறகு. வாடை தெரியும்போது வரம்பைப்போலக் குறைந்தது இருபது மடங்கு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நெஞ்சு இறுக்கம், வறட்டு இருமல் என்று தொடங்கும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துக்கூட வரும். அதற்குள் ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்.

குடுவை தம்பிக்கும் ஒன்று. பாட்டில் சாது என்று நினைக்காதீர்கள். நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில் வார இறுதியில் மின்சாரம் போய்க் குளிர்பெட்டி நின்றுவிட்டது. திங்கள் காலை பார்த்தால் பாட்டிலின் ரப்பர் மூடி தவளைத் தொண்டை மாதிரி உப்பியிருந்தது. சூடேறினால் கரைசலிலிருந்து டைபோரேன் வெளியேறும். கரைப்பான் மூலக்கூறின் வளைய வடிவமும் மெல்ல உடைந்து வெப்பம் சேரும். அடைத்த பாட்டிலில் அது வெடிக்கவும் செய்யும். கரைசல் எடுத்த பழைய ஊசி நுனியில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். அது போரிக் அமிலம். ஈரம் பட்ட போரேன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு அதுவாக மாறியிருக்கிறது.

குடுவை:
அண்ணா, அப்படியானால் இரண்டுமே ஆபத்துதானே? சோடியம் போரோஹைட்ரைடையும் அயோடினையும் சேர்த்துக் குடுவைக்குள்ளேயே தேவைக்கு உண்டாக்கிக்கொள்வது மேல் அல்லவா?

வால்வு:
சிறிய அளவு வேலைக்கு அதுதான் என் விருப்பமும். உண்டான கணமே செலவாகிவிடும், சேமித்து வைக்க எதுவும் மிஞ்சாது.

மூன்றாம்மாடி:
வாசனை விஷயத்தில் என் தவறை ஏற்கிறேன். போரேன்களை முதலில் விரிவாக ஆராய்ந்த ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் நினைவுக்கு வருகிறார். காற்றே படாமல் போரேன்களைக் கையாள வேண்டும் என்று முழுக்கக் கண்ணாடியில் வெற்றிடக் குழாய் அமைத்தார். அதிலிருந்த பாதரசம் ஆண்டுக்கணக்கில் அவர் உடம்பில் ஏறிவிட்டது. சரி, தீப்பிடித்தால் எதால் அணைப்பது?

வால்வு:
முதலில் வாயு வரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாவிட்டால், சுற்றியுள்ளவர்களை அப்புறப்படுத்திவிட்டு எரிய விடுவதே மேல். அணைத்த பிறகும் வாயு கசிந்தால் அறை நிறைந்து மொத்தமாக வெடிக்கும். ஹாலான் என்ற ஹாலோஜன் சேர்ந்த வாயு உள்ள அணைப்பானைத் தொடவே கூடாது, டைபோரேன் அதனுடன் கடுமையாக வினைபுரியும்.

குடுவை:
எங்கள் பாட்டிலில் திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்றே நினைவில்லை. நாளைக் காலை முதல் வேலையாகப் பார்க்கிறேன்.

வால்வு:
பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள். மூடி உப்பியிருந்தால் ஊசி குத்திக் காற்றை விட நினைக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.