புதுப்பிப்பு: 5 கியரா, 6 கியரா? முடிவெடுத்துவிட்டேன்

என் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இரண்டாம் கியர் கரகரக்கிறது, கியர் பாக்ஸையே மாற்றும்போது 6 கியர் பாக்ஸ் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 5 கியர் பாக்ஸையே போட்டுவிட்டேன்.

6 கியர் என்றால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாது என்று நம்பியிருந்தேன். தவறு. அதன் கடைசி கியர் விகிதம் 0.843, 5 கியரில் 0.814; இந்த எண் கூடினால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். டிஃபரன்ஷியலையும் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) மாற்றாவிட்டால் எஞ்சின் இன்னும் வேகமாகத்தான் சுற்றும். முதல் கியரும் 3.136-இலிருந்து 3.760 ஆகிவிடும், கிளம்பியதுமே அடுத்த கியர் கேட்கும். பந்தயத் தடத்துக்கு அந்த நெருக்கமான விகிதங்கள் அருமை. எனக்கு தினமும் தோட்டத்து வேலை, ஞாயிறு மலேசியாவின் தாப்பா-ரிங்லெட் மலைப்பாதை.

ஹாஃப்கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடை) கிடைத்த பாக்ஸை ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன் பொருத்திக் கொடுத்தார். அந்த மலைப்பாதையில் லாத்தா இஸ்கண்டார் அருவி வளைவுகளில் இரண்டாவது கியர் விரலால் தள்ளினாலே விழுகிறது. அவ்வளவு சந்தோஷம்!