புதுப்பிப்பு: பழைய டொல்பின் வான் சூடேறிய பிரச்சினை தீர்ந்தது

ஏ9 வீதியில் வேகமெடுத்தால் வெப்பமுள் சிவப்புக்குப் போகுது, யாழ்ப்பாண டவுனுக்குள் ஒன்றுமில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

சரியாகப் பிடித்தவர், "ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே பாருங்கோ" என்றவர்தான். விசிறி பழுதென்றால் நெரிசலில்தான் முதலில் சூடேறும் என்ற அவரின் விளக்கம் பொருந்தியது. கழற்றினால், எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் அதன் குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்புப் படிவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குச் செய்வதை இதற்கும் செய்திருக்கிறது. கராஜில் மேல்தொட்டியைத் திறந்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்ப ஈயம் பற்றவைத்தார்கள்.

எதிர்பாராதது: எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தேர்மோஸ்டற்றே இல்லை! முன்பு யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். புதிது போட்டு, கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த நீர் கலந்து விட்டோம். ரேடியேற்றர் மூடியின் ரப்பரும் இறுகியிருந்ததால் அதையும் மாற்றினேன். இப்போது ஏசி போட்டு ஆனையிறவு தாண்டினாலும் முள் நடுவில்தான்.