30-ஆவது மணிநேரத்தை வைத்து நெடுஞ்சாலை வடிவமைப்பது சரிதானா?

மைல்கல்: ஆண்டின் 8,760 மணிநேரங்களையும் வாகன எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து அடுக்கி, 30-ஆவதாக நிற்கும் எண்ணுக்குச் சாலையை வடிவமைக்கிறோம். இந்த வழக்கம் இன்றும் சரி என்பதே என் கட்சி. அந்த அடுக்கை வரைபடமாகப் போட்டால், கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, 30 வாக்கில் வளைந்து படுத்துவிடும். அதற்கு மேலே உள்ள சில மணிநேரங்களுக்காகத் தடம் கூட்டினால், ஆண்டு முழுக்க அது காலியாகக் கிடக்கும்.

நாற்சந்தி: எல்லாச் சாலையிலும் 30-இல் வளைவதில்லையே! சுற்றுலாத் தலத்துக்குப் போகும் சாலையில் 100 தாண்டியும் இறங்கிக்கொண்டே இருக்கும். நகரச் சாலையில் தினமும் காலை மாலை ஒரே கூட்டம். அங்கே 30-க்கும் 200-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

மைல்கல்: அதற்குத்தானே கே காரணி, அதாவது அந்த மணிநேரம் தினசரிச் சராசரியில் எத்தனை பங்கு என்ற கணக்கு? சராசரி 40,000 வாகனங்கள், நெரிசலான திசையில் 60% என்று வையுங்கள். கே 0.09 என்றால் மணிக்கு 2,160. சுற்றுலாச் சாலைக்கு 0.15 போட்டால் 3,600. சாலையின் தன்மை பார்த்துப் போட்டால் போதும்.

நாற்சந்தி: அந்த 0.15 எங்கிருந்து வரும் சார்? ஆண்டு முழுவதும் எண்ணும் கருவி பெரும்பாலான சாலைகளில் கிடையாது. சில நாள் எண்ணிவிட்டு, வேறொரு சாலையின் காரணியைக் கடன் வாங்குகிறோம். உங்கள் கணக்கிலேயே கே மாறினால் ஒரு தடம் கூடுகிறது, குறைகிறது. மணிநேரத்துக்குள்ளேயும் ஏற்ற இறக்கம் உண்டு. மணிக்கு 2,000 வாகனம் போகும் சாலையில் ஒரு 15 நிமிடத்தில் மட்டும் 600 வந்தால், அப்போது வண்டிகள் வரும் வீதம் மணிக்கு 2,400. நெரிசல் தொடங்குவது அங்கேதான்.

ஓரச்சாலை: குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். எண்ணிக்கையையே இருவரும் தேவை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். குறுகிய பாலத்தில் வைத்த கருவி, பாலத்தைக் கடந்த வண்டிகளைத்தான் எண்ணும். பின்னால் காத்து நிற்பவை அந்த மணிநேரக் கணக்கில் வராது. தேவை ஏறிக்கொண்டே இருக்கும், எண் மட்டும் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். வரிசையின் கடைசி வண்டிக்கும் பின்னால் போய் எண்ண வேண்டும்.

மைல்கல்: வரிசையை அளக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேவைக்காகப் பாலத்தை மட்டும் அகலப்படுத்தினால், தேங்கியிருந்த வண்டிகள் மொத்தமும் அடுத்த சந்திப்பில் போய் நிற்கும். அந்தச் சந்திப்பு மணிக்கு எத்தனை வண்டியை விடும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஓரச்சாலை: அப்படியானால் ஓர் இடத்தின் 30-ஆவது மணிநேரம் மட்டும் போதாது என்றுதானே ஆகிறது?