சோலோவின் பின்னால் பியானோ: எவ்வளவு வாசிக்கலாம்?

கருங்கட்டை:
ஜாஸ் குழுவில் சாக்ஸபோனோ டிரம்பெட்டோ சோலோ (தனி வாசிப்பு) எடுக்கும்போது, கம்பிங் செய்யும், அதாவது பின்னணியில் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) வாசித்துத் துணை நிற்கும் பியானோ கலைஞர்களில் பெரும்பாலோர் அளவுக்கு மீறி வாசிக்கிறார்கள். சோலோக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியை எல்லாம் கார்டு போட்டு நிரப்பிவிடுகிறார்கள். 1954 டிசம்பர் 24 அன்று நடந்த ஒலிப்பதிவில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், தன் சோலோவின்போது வாசிக்க வேண்டாம் என்று பியானோ மேதை தெலோனியஸ் மாங்கிடமே சொன்னார். 1952-இல் சாக்ஸபோன் கலைஞர் ஜெர்ரி மல்லிகன் பியானோ இல்லாமலே நால்வர் குழு அமைத்தார். 1957-இல் சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் பாஸையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். பியானோ விலகினால் சோலோவுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையா?

இடக்கை:
பாதியைத்தான் சொல்கிறீர்கள், நண்பரே. அதே நாளில், 'பேக்ஸ் க்ரூவ்' இசையில், மில்ட் ஜாக்சனின் வைப்ரஃபோனுக்கு (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) பின்னால் மாங்க் வாசித்திருக்கிறார். எண்ணி வைத்தாற்போல் விழும் அந்தக் கார்டுகளை நீக்கிவிட்டுக் கற்பனை செய்து பாருங்கள், ஜாக்சனின் வரிகள் பிடிமானம் இழந்துவிடும். மைல்ஸும் பியானோவை வெறுத்தவர் இல்லை. 1959-இல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்துக்குப் பியானோவில் பில் எவன்ஸை வைத்துக்கொண்டவர், அதிலுள்ள 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ஒரு பாடலுக்கு மட்டும் விண்டன் கெல்லியை உட்கார வைத்தார். பின்னணி வாசிப்பவர் மாறினால் சோலோவின் நடையே மாறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாஸ்வாசகன்:
நான் பாஸ் வாசிப்பவன். அளவைவிட எனக்கு முக்கியம் இடம். கார்டின் ஆதார சுரத்தை நான் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறேன். பியானோவின் இடதுகை அதையே மறுபடி அடித்தால் ஒலி கலங்கிவிடுகிறது. சி செவன் கார்டு (சி, ஈ, ஜி, பி ஃபிளாட்) என்றால் ஈ, பி ஃபிளாட் இரண்டும் போதும், கார்டு எதுவென்று எல்லோருக்கும் புரிந்துவிடும். விரும்பினால் மேலே, ஆதார சுரத்திலிருந்து எண்ணினால் வரும் ஒன்பதாவது சுரத்தையோ பதின்மூன்றாவதையோ சேர்த்துக்கொள்ளலாம். பியானோவின் மத்தியிலுள்ள நடு சி-யை ஒட்டி வாசித்தால் என்னோடு மோதாது. கிதாரும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் குழுவில் ஃப்ரெடி கிரீன் கிதாரில் தாளத்தின் நான்கு அடியையும் விடாமல் பிடித்தார், பியானோவில் பேசியோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொட்டார்.

கருங்கட்டை:
இதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் ஈ, பி ஃபிளாட்டோடு யார் நிற்கிறார்கள்? உடனே ஃபிளாட் ஒன்பதை, அதாவது அரைச்சுரம் தாழ்த்திய ஒன்பதாவதைச் சேர்க்கிறார்கள். அந்த நொடியில் சாக்ஸபோன் இயல்பான ஒன்பதாவதில் நின்றால் இரண்டும் உரசும். எந்த நிறம் வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை முன்னால் நிற்பவருடையது. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருப்பவர் முடிவெடுப்பது அத்துமீறல். வேகமான பாடலில் இந்த உரசல் கடந்து போய்விடும். மெதுவான பாலட்டில் காதைக் குத்திக்கொண்டே நிற்கும்.

இடக்கை:
அத்துமீறலா? மைல்ஸோடு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மேடையில் வாசித்தபோது தான் தவறான கார்டு ஒன்றை அடித்ததாகவும், மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தி, அதைச் சரியாக்கும் சுரங்களை வாசித்ததாகவும் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டிய கடமை முன்னால் நிற்பவருக்கும் உண்டு. பியானோ கேள்வி எழுப்பாவிட்டால் அவர் பழகிய வரிகளையே திரும்பத் திரும்ப வாசிப்பார்.

கருங்கட்டை:
அது மைல்ஸின் பெருமை. அதைக் காட்டி மற்றவர்கள் உரிமை கொண்டாட முடியாது.

பாடுபவள்:
வாத்தியக்காரர்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாடகருக்குப் பியானோ விலகிவிட்டால் சுதந்திரம் கிடைக்காது, சுருதியின் பிடி நழுவும். தாளம் இல்லாமல் பாடும் முன்பகுதியில் பியானோ என் மூச்சைக் கவனித்து, சொல் முடிந்த பிறகு நகர வேண்டும். நான் பாடும் மெட்டையே கூடவே வாசிப்பதுதான் எனக்குப் பெரும் தொல்லை, மெட்டை நீட்டவும் சுருக்கவும் முடியாமல் போகிறது. பியானோ கலைஞர் டாமி ஃபிளானகன், பாடகி 'எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு'க்குப் பல ஆண்டுகள் வாசித்ததைக் கேளுங்கள்.

இடக்கை:
நன்றி, அம்மா. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நீண்ட சோலோக்களில் பியானோ வாசிக்கும் மெக்காய் டைனர் பாதியில் நிறுத்திவிடுவார். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸும் சாக்ஸபோனும் முட்டி மோதும். அதுவரை டைனர் அடுக்கிய கனமான கார்டுகள்தான் அந்த மௌனத்துக்கு வலு. முதலிலிருந்தே சும்மா இருந்திருந்தால் விலகியது யாருக்குத் தெரியும்?

கருங்கட்டை:
டைனர் விஷயத்தில் மறுப்பில்லை. ஃபிளாட் ஒன்பதில் மட்டும் இறங்கி வர மாட்டேன்: சோலோக்காரர் முதலில் தொட்டுக் காட்டட்டும், பியானோ பிறகு சேரட்டும்.