ஏரி நத்தைக்குள் பிளாஸ்டிக் துகள்: வடிதாளில் மிஞ்சுவது எல்லாம் பிளாஸ்டிக்தானா?

கழிஞ்சூர்_விலங்கியல்:
முதுகலை ப்ராஜெக்ட். வேலூர், காட்பாடி ஏரிகளின் பைலா நத்தையில் (ஆப்பிள் நத்தை) நுண்பிளாஸ்டிக் எண்ண வேண்டும். சதையைக் கரைக்க, 5 கிராமுக்கு 50 மி.லி. 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம், 60 டிகிரி, 24 மணி நேரம். வாட்மேன் 1 வடிதாளில் வடித்தால் பழுப்புக் கசடும் வெள்ளை நாரும் ஏராளம். உப்புக் கரைசலில் மிதக்கவிட்டாலும் நார் குறையவில்லை. அடுத்து, தொட்டியில் பாலிஎத்திலீன் தூள் தூவி 28 நாள் வளர்ச்சி பார்க்கலாமா? தொட்டி இரண்டு, ஒவ்வொன்றிலும் 15 நத்தை.

வடிதாள்:
வெள்ளை நாரில் ஒரு பகுதி உங்கள் வடிதாளே உதிர்த்ததாக இருக்கலாம். வாட்மேன் 1 பருத்திச் செல்லுலோஸ். 1.2 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளுக்கு மாறுங்கள். பழுப்புக் கசடு நத்தை தின்ற பாசியும் இலைத் தூளும். காரம் சதையைக் கரைக்கும், தாவரச் செல்லுலோஸை விட்டுவிடும். அந்தக் கசடைக் குறைக்க 30% ஹைட்ரஜன் பெராக்சைடு, 50 டிகிரிக்கு மேல் போகாமல். முதலில் காரத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். கலந்தால் பொங்கி பீக்கரைத் தாண்டிவிடும்.

60 டிகிரி காரம் பாலியஸ்டரை அரிக்கும். 40 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள்.

உப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. லிட்டருக்கு 360 கிராம் போட்டாலும் அடர்த்தி 1.2தான். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன் மிதக்கும். பாலியஸ்டர் 1.38, பி.வி.சி.யும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டும் அடியில் போய்விடும். துணி துவைத்த தண்ணீர் சேரும் ஏரியில் பாலியஸ்டர் நாரை விட்டுவிட்டால் கணக்கே தலைகீழ். துத்தநாகக் குளோரைடு கரைசலின் அடர்த்தி 1.5-க்கு மேல் போகும், அதில் இவையும் மிதக்கும். ஆனால் நத்தை ஓட்டின் துணுக்கு இருந்தால் நுரைக்கும், எனவே ஓட்டையும் அதன் வாயை அடைக்கும் மூடியையும் முதலிலேயே முழுசாக எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சமையல் உப்பானால் அதிலேயே துகள் இருக்கும், கரைசலை வடித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

காற்றிலும் துணியிலும் இருந்து விழும் நாரைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு தொகுப்புக்கும் நத்தை இல்லாத வெற்றுச் சோதனை மூன்று. வெள்ளைக் கோட் பருத்தியாக இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். சந்தேகத் துகளில் சூடான ஊசி வைத்தால் பெரும்பாலான பிளாஸ்டிக் உருகும் அல்லது சுருளும், பருத்தி நார் கருகும்.

செரிமானச்_சுரப்பி:
தொட்டித் திட்டத்தை மாற்றுங்க. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். நத்தை மேய்வது பெரும்பாலும் அடியிலும் சுவரிலும். 28 நாள் கழித்து "பாதிப்பு இல்லை" என்று எழுதுவீங்க, நத்தை அதிகம் தின்னாமலே இருந்திருக்கலாம். 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் அகரும் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) வேகவைத்த கீரை விழுதும் சேர்த்து, அதில் துகளைக் கலந்து கட்டியாக்கிக் கொடுங்க. அது அடியில் கிடக்கும்.

கட்டுப்பாட்டுக் குழு இரண்டு வேணும்: வெறும் கீரை அகர், அதே அளவு கயோலின் களிமண் கலந்த அகர். இரண்டாவது இல்லாவிட்டால், வயிறு நிரம்பி உணவு குறைந்ததா, பிளாஸ்டிக்கால் கெட்டதா என்று பிரிக்கவே முடியாது. கடையில் வாங்கும் பாலிஸ்டைரீன் மணியில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு கலந்திருக்கலாம். கழுவாமல் போட்டால் நத்தையைக் கொல்வது அதுதான்.

ஒரே தொட்டியில் 15 நத்தை என்பது, எல்லாம் ஒரே தண்ணீரில் இருப்பதால், கணக்கில் ஒரே ஒரு மாதிரி. குழுவுக்கு ஐந்து சின்ன ஜாடி வையுங்க. பைலாவைவிட இண்டோபிளானோர்பிஸ் (தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள நன்னீர் நத்தை) நல்லது. இருபாலி, ஜாடிச் சுவரிலேயே முட்டைக் கூழ் ஒட்டும், எண்ணுவது சுலபம். கையுறை கட்டாயம், கால்நடைத் தட்டைப்புழுவின் இளம் பருவம் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

பெரிய விளைவை எதிர்பார்க்காதீங்க. 2016-இல் பொட்டமோபிர்கஸ் நத்தைக்கு உணவில் துகள் கலந்து கொடுத்த ஆய்விலேயே வளர்ந்தவற்றிலும் குஞ்சுகளிலும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. எடையை மட்டும் நம்பாமல் செரிமானச் சுரப்பியில் உயிரணு பாதிப்பைக் காட்டும் கேட்டலேஸ் நொதி, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் பாருங்க.

கழிஞ்சூர்_விலங்கியல்:
நன்றி மேடம், நன்றி சார். பாலாற்றங்கரை நத்தையையும் ஏரி நத்தையையும் ஒப்பிடலாமா?

வடிதாள்:
எண்ணிக்கையை ஒப்பிடலாம், உடல்நலத்தை வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவின் குரோமியம் வண்டலில் இருக்கும். ஓடு மெலிந்திருந்தால் பழி எதன் மேல் போடுவீர்கள்? வண்டலில் குரோமியமும் அளந்தால் பார்க்கலாம். கோடையில் சேறுக்குள் மூடியை அடைத்துக் கிடக்கும் பைலா மாதக் கணக்கில் தின்றிருக்காது, அதைச் சேர்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பிடித்து, அன்றே உறையவைத்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் விட்டால் குடலில் இருப்பதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும்.